பிணைப்பும் பிணக்கும்: டாரட்டில் இரண்டு கார்டுகளைச் சேர்த்துப் படிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படக் கார்டுகளை எடுத்துப் பலன் சொல்லும் டாரட்டைப் பழகுகிறவர்கள் 78 கார்டுகளின் பொருளையும் கொஞ்ச நாளில் மனதில் ஏற்றிக்கொள்கிறார்கள். தடுமாற்றம் வருவது இரண்டு கார்டுகள் பக்கத்தில் பக்கத்தில் விழும்போதுதான். கேள்வி உறவைப் பற்றியதாக இருந்து, ஒன்று பாசமாகவும் மற்றொன்று சண்டையாகவும் வந்துவிட்டால் தடுமாற்றம் இன்னும் கூடும். அப்போது திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். படங்களைப் பற்றிச் சொல்வதெல்லாம் 1909இல் லண்டனில் வெளிவந்த ரைடர் வெய்ட் ஸ்மித் டெக்கை வைத்து. ஆர்தர் எட்வர்ட் வெய்ட் திட்டமிட்டு, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த டெக் அது. இன்று கடையில் கிடைக்கும் டெக்குகளில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவைதான். 78இல் 22 கார்டு மேஜர், அதாவது லவர்ஸ், டெவில் போலத் தனிப்பெயர் உள்ளவை. மீதி 56 மைனர்: கப்ஸ் (கோப்பை), ஸ்வார்ட்ஸ் (வாள்), வாண்ட்ஸ் (கம்பு), பென்டகிள்ஸ் (காசு) என்று நான்கு வகை.

ரெண்டு கார்டோட அர்த்தத்தையும் தனித்தனியா சொல்லிட்டா போதாதா? சேர்த்துப் படிக்கிறதுன்னா என்ன?

போதாது. டூ ஆஃப் கப்ஸும் ஃபைவ் ஆஃப் ஸ்வார்ட்ஸும் வருகின்றன என்று வையுங்கள். தனித்தனியாகச் சொன்னால் "அன்பு இருக்கிறது, சண்டையும் இருக்கிறது" என்று முடிந்துவிடும். அது எந்த வீட்டுக்கும் பொருந்தும். சேர்த்துப் படிப்பது என்றால் ஒன்று மற்றொன்றை என்ன செய்கிறது என்று கேட்பது: இந்த அன்பு இந்தச் சண்டையை அடக்குகிறதா, தூண்டுகிறதா, மறைக்கிறதா?

அதற்குப் படத்துக்குள் போக வேண்டும். டூ ஆஃப் கப்ஸில் ஆண் ஒரு கால் முன்னே வைத்துக் கை நீட்டுகிறான், பெண் நின்ற இடத்திலேயே கோப்பையைப் பிடித்திருக்கிறாள். இருவர் கண்ணும் ஒரே மட்டத்தில் சந்திக்கின்றன. ஃபைவ் ஆஃப் ஸ்வார்ட்ஸில் ஒருவன் மூன்று வாள்களை அள்ளிக்கொண்டு நிற்கிறான், இரண்டு வாள் தரையில் கிடக்கின்றன, தோற்ற இருவர் முதுகைக் காட்டிப் போகிறார்கள். முதல் படத்தில் கொடுக்கல் வாங்கல். இரண்டாவதில் ஒருவர் கையில் மட்டும் எல்லாம். சேர்த்துப் படித்தால் கிடைக்கும் வாக்கியம் இது: "சமமாகத் தொடங்கிய உறவில் இப்போது யாரோ ஒருவர் ஒவ்வொரு வாக்குவாதத்திலும் ஜெயித்துக்கொண்டே இருக்கிறார்." கேட்டவரால் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடிகிற அளவுக்கு வாக்கியம் குறிப்பாக இருக்க வேண்டும். அதுதான் நல்ல ரீடிங்குக்கு அடையாளம்.

முதல் கார்டு நான், ரெண்டாவது கார்டு அவர்னு வச்சுக்கலாமா?

வைத்துக்கொள்ளலாம், ஆனால் கார்டை எடுக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். எடுத்த பிறகு இடத்துக்குப் பொருள் கொடுத்தால், நல்ல கார்டை நமக்கும் கெட்ட கார்டை எதிராளிக்கும் ஒதுக்கிவிடுவோம். மனசு அப்படித்தான் போகும். ஒரு தாளில் "இடது: ____, வலது: ____" என்று எழுதிவிட்டுப் பிறகு டெக்கைத் தொடுங்கள்.

உறவுச் சிக்கலுக்கு "நான் / அவர்" என்ற பிரிவு அவ்வளவு உதவுவதில்லை. இடது கார்டு "எது எங்களைக் கட்டி வைக்கிறது", வலது கார்டு "எது எங்களை உரசுகிறது" என்று வைப்பது நல்லது. இடது இடத்தில் சண்டைக் கார்டு வந்தால் அப்போதும் பொருள் கிடைக்கும்: இவர்களைக் கட்டி வைத்திருப்பதே சண்டைதான். நீண்ட நாள் உறவுகளில் இது அரிதான நிலை இல்லை. கீழே வேறு மாதிரி சொல்லாத இடங்களில் எல்லாம் இந்த அமைப்பையே வைத்துப் பேசுகிறோம்.

எத்தனை தடவை ஷஃபிள் பண்ணணும்? அதுக்கும் ஜோடிக்கும் சம்பந்தம் இருக்கா?

நிறைய இருக்கிறது. டெக்கின் மேலிருந்து இரண்டு கார்டு எடுக்கிறோம். ஷஃபிள் சரியாக இல்லையென்றால் அவை போன ரீடிங்கில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்த கார்டுகளாகவே இருக்கும். புது டெக்கில் இது இன்னும் மோசம். சிக்ஸ் ஆஃப் கப்ஸும் செவன் ஆஃப் கப்ஸும் சேர்ந்து வந்ததைப் பார்த்து "ஒரே உணர்ச்சி தொடர்கிறது" என்று பலன் சொல்லிவிடுவார்கள்; உண்மையில் அது அச்சகம் அடுக்கிய வரிசை.

52 சீட்டுக் கட்டை இரண்டாகப் பிரித்து விரலால் சரசரவென்று கோத்துக் கலைப்பதற்கு ஏழு தடவை வேண்டும் என்று கணிதக்காரர்கள் 1992இல் காட்டினார்கள். 78 கார்டுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். டாரட் கார்டு அகலமானது, அப்படிக் கோப்பது பலருக்குக் கைவராது. கையில் வைத்துக் கொத்துக் கொத்தாக மாற்றிப் போடுவது மிக மெதுவாகத்தான் கலையும். சுலபமான வழி, துணி விரித்து எல்லாக் கார்டுகளையும் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு உள்ளங்கையாலும் ஒரு முழு நிமிடம் துழாவி, பிறகு கூட்டி அடுக்குவது.

பிணைப்பைக் காட்டுற கார்டுகள் எவை?

எவை என்பதோடு எந்த வகைப் பிணைப்பு என்பதையும் பார்க்க வேண்டும். சிக்ஸ் ஆஃப் கப்ஸில் பூ நிரம்பிய கோப்பையை ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கிறது. அது பழைய நினைவால் வந்த பிணைப்பு, ஆளைவிட அந்தக் காலத்தின் மேல் உள்ள பாசம். டூ ஆஃப் கப்ஸ் கொடுத்து வாங்கும் பிணைப்பு. ஃபோர் ஆஃப் வாண்ட்ஸ் ஊரறிந்த பிணைப்பு: நான்கு கம்பில் மாலை கட்டியிருக்கிறது, கல்யாணப் பந்தல் மாதிரி. சிக்ஸ் ஆஃப் பென்டகிள்ஸில் தராசு பிடித்த ஒருவர் மண்டியிட்டிருப்பவர்களுக்குக் காசு போடுகிறார். உதவியால் வந்த பிணைப்பு அது; தராசு யார் கையில் என்பதே அங்கே கேள்வி.

அதிகம் தவறாகப் படிக்கப்படுவது ஃபோர் ஆஃப் பென்டகிள்ஸ். "கஞ்சத்தனம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த ஆள் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள்: தலைமேல் ஒரு காசு, நெஞ்சோடு இரு கையாலும் கட்டிப் பிடித்த ஒரு காசு, இரண்டு பாதத்துக்கும் அடியில் ஒவ்வொன்று. எழுந்தால் காலடிக் காசு போய்விடும், தலையாட்டினால் மேலே உள்ளது விழும், கையை எடுத்தால் நெஞ்சில் உள்ளது போகும். அவரால் யாரையும் அணைக்க முடியாது. உறவுக் கேள்வியில் இது விட்டால் போய்விடுமோ என்ற பயத்தில் பிடித்துக்கொள்வது. அந்தப் பயத்தைச் சொல்லாமல் பிடிவாதத்தை மட்டும் சொன்னால் கேட்டவருக்கு நியாயம் செய்ததாகாது.

சண்டை கார்டுன்னா எல்லாம் ஒண்ணுதானே? ஏன் பிரிச்சுப் பார்க்கணும்?

ஊடலும் பகையும் ஒன்றா? அதே காரணம்தான். ஃபைவ் ஆஃப் வாண்ட்ஸில் ஐந்து பேர் கம்பைத் தூக்கி நிற்கிறார்கள், ஒருவர் உடம்பிலும் அடி இல்லை. குரல் உயரும், ஆளாளுக்குப் பேசுவார்கள், சாப்பாட்டு நேரத்துக்குள் அடங்கும். செவன் ஆஃப் வாண்ட்ஸில் மேட்டில் நிற்கும் ஒருவன் கீழிருந்து வரும் ஆறு கம்பைத் தனியாகத் தடுக்கிறான். அவன் இரண்டு காலிலும் வெவ்வேறு காலணி. தயாராகாமல் தற்காப்பில் இறங்கியவன் அவன். சாதாரணக் கேள்வியும் அவனுக்குக் குற்றச்சாட்டாகக் கேட்கும்.

டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ் பேசாமல் நடக்கும் சண்டை. கண்ணைக் கட்டி, இரண்டு வாளை மார்பின் குறுக்கே பிடித்து, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். செவன் ஆஃப் ஸ்வார்ட்ஸ் எதிராளிக்கே தெரியாமல் நடக்கும் சண்டை: ஐந்து வாளைத் தூக்கிக்கொண்டு நுனிக்காலில் நழுவுகிறான். ஃபைவ் ஆஃப் ஸ்வார்ட்ஸ் முடிந்துபோன, ஆனால் ஆறாத சண்டை.

த்ரீ ஆஃப் ஸ்வார்ட்ஸைச் சண்டைக் கார்டு என்று எண்ணவே கூடாது. மழை மேகத்தின் முன்னே ஓர் இதயம், மூன்று வாள், அவ்வளவுதான். மனித உருவமே இல்லை. வலி இருக்கிறது என்கிறது. யார் குத்தியது என்று அந்தப் படம் சொல்லவில்லை. "அவர்தான் உங்களைக் காயப்படுத்தினார்" என்று அதை வைத்துப் பலன் சொல்வது படத்தில் இல்லாததைச் சேர்ப்பது.

அஞ்சாம் நம்பர் கார்டு எல்லாமே பிரச்சினைதானா?

நான்கில் நிலைத்தது ஐந்தில் குலைகிறது என்பது பொதுவான வாசிப்பு. ஆனால் நான்கு வகையிலும் உள்ள ஐந்தாம் கார்டுகளில் எல்லாமே பிணக்கு என்று சொல்ல முடியாது. ஃபைவ் ஆஃப் பென்டகிள்ஸில் பனியில் இருவர் சேர்ந்தே நடக்கிறார்கள், வெளிச்சம் தெரியும் தேவாலய ஜன்னலுக்குக் கீழே. அது கஷ்டத்தில் சேர்ந்திருக்கும் பிணைப்பு. பக்கத்தில் ஃபைவ் ஆஃப் வாண்ட்ஸ் வந்தால் "பணக்கஷ்டம் வாக்குவாதமாக வெளிவருகிறது" என்று படியுங்கள்.

நெருப்பு, நீர்னு பார்த்து ரெண்டு கார்டும் ஒத்துப்போகுமான்னு சொல்றாங்களே, அது எப்படி?

1888இல் இங்கிலாந்தில் தொடங்கிய கோல்டன் டான் என்ற சபையின் முறை அது. வெய்ட்டும் ஸ்மித்தும் அதில் உறுப்பினர்களாக இருந்தவர்கள். வாண்ட்ஸ் நெருப்பு, கப்ஸ் நீர், ஸ்வார்ட்ஸ் காற்று, பென்டகிள்ஸ் மண். நெருப்பும் நீரும் பகை, காற்றும் மண்ணும் பகை. பகை ஜோடி ஒன்றையொன்று பலவீனமாக்கும். ஒரே வகை இரண்டு வந்தால் நல்லதானாலும் கெட்டதானாலும் பலமடங்காகும். மற்றவை நட்பு. சபை இதை மூன்று கார்டு வரிசையில் நடுக் கார்டைத் தீர்மானிக்கப் பயன்படுத்தியது; இரண்டு கார்டுக்கும் பொருந்தும்.

"நட்பு" என்ற சொல்லில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். நட்பு என்றால் ஒன்றுக்கொன்று வலு சேர்க்கும் என்று மட்டுமே பொருள். முதல் பதிலில் பார்த்த டூ ஆஃப் கப்ஸ், ஃபைவ் ஆஃப் ஸ்வார்ட்ஸ் ஜோடி நீரும் காற்றும், ஆகவே நட்பு. அங்கே அன்புதான் சொல்லுக்கு வலு கொடுக்கிறது. வெளியாள் சொன்னால் உதறிவிட்டுப் போகும் வார்த்தை, இவர் சொன்னதால் உள்ளே இறங்குகிறது. அதே டூ ஆஃப் கப்ஸோடு ஃபைவ் ஆஃப் வாண்ட்ஸ் வந்தால் நீரும் நெருப்பும்: சத்தம் அன்பைக் கொஞ்சம் ஆவியாக்கும், அன்பு சத்தத்தைக் கொஞ்சம் அணைக்கும், இரண்டுமே முழு வேகத்தில் இராது. ஃபோர் ஆஃப் பென்டகிள்ஸோடு ஃபைவ் ஆஃப் ஸ்வார்ட்ஸ் மண்ணும் காற்றும். எவ்வளவு பேசினாலும் இறுகப் பிடித்திருப்பவர் காதில் ஏறாது.

லவர்ஸ், டெவில் ரெண்டும் சேர்ந்து வந்தா உறவு முடிஞ்சதுன்னு அர்த்தமா?

இல்லை. அச்சப்படுத்திப் பலன் சொல்ல இந்த ஜோடியை நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள், அதனால் நின்று பார்ப்போம். இரண்டு படமும் ஒரே அமைப்பில் வரையப்பட்டவை: மேலே ஓர் உருவம், கீழே ஆணும் பெண்ணும். எண்ணும் ஒட்டி வருகிறது. லவர்ஸ் 6, டெவில் 15, ஒன்றும் ஐந்தும் ஆறு. லவர்ஸில் ஆண் பெண்ணைப் பார்க்கிறான், பெண் மேலே தேவதையைப் பார்க்கிறாள். டெவிலில் இருவர் கழுத்திலும் சங்கிலி. பெண்ணின் வால் நுனியில் திராட்சைக் குலை, ஆணின் வாலில் தீ.

சங்கிலியைக் கூர்ந்து பாருங்கள். கழுத்தைச் சுற்றித் தளர்வாகத் தொங்குகிறது, தலைவழியாகக் கழற்றிவிடும் அளவுக்கு. கைகளும் கட்டப்படவில்லை. ஆக இந்த ஜோடியின் கேள்வி: விருப்பத்தால் இருக்கிறோமா, பழக்கத்தால் இருக்கிறோமா? இடதில் லவர்ஸ், வலதில் டெவில் என்றால் தேர்ந்தெடுத்த உறவில் எது பழக்கமாகிப் போய் உரசுகிறது என்று பேசுங்கள்: நள்ளிரவுப் போன், போனைச் சோதிப்பது, குடி, கடன். இடம் மாறினால் கட்டி வைத்திருப்பது பழக்கம், உரசுவது ஒரு தேர்வு. யாரோ ஒருவர் முடிவெடுக்க வேண்டிய நேரம்.

ரெண்டுமே சண்டை கார்டா வந்துட்டா? இல்ல ரெண்டுமே நல்ல கார்டா வந்துட்டா?

இரண்டும் சண்டையானால் எது முன், எது பின் என்று பாருங்கள். டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ் இடதில், ஃபைவ் ஆஃப் வாண்ட்ஸ் வலதில்: பேசாமல் இருப்பதால்தான் உறவு உடையாமல் நிற்கிறது, பேச ஆரம்பித்தால் எல்லாம் ஒன்றாக வெடிக்கும். இங்கே "மனம்விட்டுப் பேசுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் வம்பு. ஒரே ஒரு விஷயத்தை எடுத்து, நேரம் குறித்துப் பேசச் சொல்லுங்கள்.

இரண்டும் நல்ல கார்டானால் உரசல் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். வலது இடம் உரசலுக்கானது, அங்கே டென் ஆஃப் கப்ஸ் வந்தால் அதுவே உரசல்: வானவில், அணைத்து நிற்கும் தம்பதி, ஆடும் பிள்ளைகள் என்ற அந்தக் கனவுப் படத்தோடு தன் வீட்டை ஒப்பிட்டுக்கொண்டே இருப்பது.

கார்டுல இருக்கிறவங்க எந்தப் பக்கம் பார்க்கிறாங்கன்னு கவனிக்கணுமா?

கட்டாயம். ஜோடி வாசிப்பில் பாதி வேலை அதுதான். நைட் ஆஃப் கப்ஸ் நமக்கு வலப்பக்கமாகப் போகிறார், குயீன் ஆஃப் கப்ஸ் இடப்பக்கம் பார்க்கிறார். நைட் இடதிலும் குயீன் வலதிலும் இருந்தால் நேருக்கு நேர். மாற்றிப் போட்டால் முதுகுக்கு முதுகு. நைட் ஆஃப் ஸ்வார்ட்ஸ் இடப்பக்கமாகப் பாய்கிறார், குயீன் ஆஃப் ஸ்வார்ட்ஸ் வலப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நைட் இடதில், குயீன் வலதில் விழுந்தால் இருவரும் வெவ்வேறு திசையில், தங்கள் வாதத்தை யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த "யாரோ" யார் என்று கேளுங்கள். அம்மாவா, நண்பரா, வக்கீலா?

ரிவர்ஸ் வந்தா நேர்மாறா எடுத்துக்கணுமா?

ரிவர்ஸ் என்றால் கார்டு தலைகீழாக விழுவது. முதலில் அது உண்மையான ரிவர்ஸா என்று பாருங்கள். கவிழ்ந்திருக்கும் கார்டை மேலிருந்து கீழாகப் புரட்டினால் நேர்க் கார்டு தலைகீழாகிவிடும். புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புவதுபோலப் பக்கவாட்டில் புரட்ட வேண்டும். இரண்டு கார்டும் ரிவர்ஸாக வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம், வெட்டி அடுக்கும்போது பாதிக் கட்டு திரும்பிப்போனதுதான்.

உண்மையான ரிவர்ஸ் என்றால் நேர்மாறு என்பதைவிட "வெளியே வராமல் நிற்கிறது" என்று படிப்பது பலன் தரும். டூ ஆஃப் கப்ஸ் ரிவர்ஸ் என்றால் அன்பு இல்லை என்றாகாது. கொடுக்க நீட்டிய கோப்பை சேரவில்லை. ஒன்று நேராகவும் ஒன்று தலைகீழாகவும் இருந்தால், நேராக இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிவது, தலைகீழ் உள்ளே அடைத்து வைத்தது. பழகும் முதல் சில மாதம் ரிவர்ஸே வேண்டாம் என்று எல்லாவற்றையும் நேராக்கிப் படிப்பதிலும் தவறில்லை.

ஒரு மேஜர், ஒரு மைனர் வந்தா மேஜருக்குத்தான் பவர் ஜாஸ்தியா?

78இல் இரண்டு கார்டு எடுத்தால் 3003 ஜோடி சாத்தியம். அதில் 1232 ஜோடியில் ஒன்று மேஜர், மற்றது மைனர், நூற்றுக்கு 41. ஆகவே அதை அபூர்வச் செய்தி போல நடத்த வேண்டாம். மேஜரை உறவின் நீண்ட காலப் பாடமாகவும் மைனரை இந்த வாரம் அது எப்படித் தெரிகிறது என்றும் படியுங்கள். டவரும் ஃபைவ் ஆஃப் வாண்ட்ஸும் என்றால், பாத்திரம் கழுவுவதைப் பற்றிய சத்தத்துக்குக் கீழே கட்டடமே ஆடிக்கொண்டிருக்கிறது. இரண்டும் மேஜராக வருவதுதான் குறைவு: 13க்கு ஒன்று.

எப்ப எடுத்தாலும் ஸ்வார்ட்ஸ்தான் வருது. எங்களுக்குள்ள ஒத்தே வராதா?

இரண்டு கார்டில் ஒன்றாவது ஸ்வார்ட்ஸ் வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 33 அளவு. தினமும் எடுப்பவருக்கு மாதத்தில் ஏறக்குறைய பத்து நாள் வாள் வரும். மனதில் பயம் இருக்கும்போது அந்தப் பத்து நாள்தான் நினைவில் நிற்கும். தேதியும் ஜோடியும் குறித்து வைத்து, மாதக் கடைசியில் எண்ணிப் பாருங்கள். ஒரே ஜோடி அதே வாரம் திரும்ப வந்தால், பலன் தேடும் முன் ஷஃபிளைச் சரிபாருங்கள். காரணம் மேலே சொன்னதுதான்.

புரியலைன்னா மூணாவது கார்டு எடுக்கலாமா? பிடிக்கலைன்னா திரும்ப எடுக்கலாமா?

மூன்றாவது ஒன்று எடுக்கலாம், கேள்வியை வாய்விட்டுச் சொன்ன பிறகு. "இந்த இரண்டுக்கும் நடுவில் எது நிற்கிறது?" என்பது நல்ல கேள்வி. "இன்னும் கொஞ்சம் சொல்லு" என்பது கேள்வியே இல்லை. நான்காவது, ஐந்தாவது என்று போனால் பிடித்த பதில் வரும் வரை எடுத்துக்கொண்டே இருப்போம்.

அதே கேள்விக்குத் திரும்ப எடுப்பது, நிலைமையில் ஏதாவது மாறிய பிறகுதான். தள்ளிப்போட்ட பேச்சு நடந்திருக்க வேண்டும், கடிதம் போயிருக்க வேண்டும், ஊருக்குப் போனவர் வந்திருக்க வேண்டும். ஒரே ராத்திரியில் மூன்று தடவை எடுப்பவரைப் பார்த்தால், நைன் ஆஃப் ஸ்வார்ட்ஸில் படுக்கையில் எழுந்து முகத்தை மூடிக்கொண்டிருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கார்டைவிடத் தூக்கம் தேவை.

ஆன்க்ஷியஸ், அவாய்டன்ட்னு சொல்றாங்களே, எந்த ஜோடி எதைக் காட்டும்?

விட்டுப் போய்விடுவார்களோ என்று பதறுவது ஆன்க்ஷியஸ், நெருங்கினால் விலகுவது அவாய்டன்ட். அந்தச் சொற்கள் டாரட்டிலிருந்து வந்தவை அல்ல. குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பைப் பற்றி ஜான் பௌல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர் வகுத்த கோட்பாட்டில், மேரி ஐன்ஸ்வர்த் குழந்தைகளைக் கவனித்துப் பிரித்த வகைகள் அவை. பெரியவர்களின் காதலுக்கு அதைப் பொருத்திப் பார்த்தது 1987இல். கார்டு எடுத்து ஒருவரை இன்ன வகை என்று முத்திரை குத்த முடியாது, குத்தவும் கூடாது.

ஆனால் துரத்துவதும் விலகுவதுமான சுழலைப் பேச வைக்கும் ஜோடிகள் உண்டு. நைன் ஆஃப் ஸ்வார்ட்ஸும் எய்ட் ஆஃப் கப்ஸும் அதில் தெளிவானது. ஒருவர் இருட்டில் விழித்துக் கிடக்கிறார். இன்னொருவர் நிலவொளியில், அடுக்கிய எட்டுக் கோப்பைக்கு முதுகைக் காட்டி நடக்கிறார். அந்த அடுக்கின் மேல் வரிசையில் ஒரு கோப்பைக்கு இடம் காலியாக இருப்பதைக் காட்டுங்கள். போகிறவர் அந்தக் காலி இடத்தைத் தேடிப் போகிறார். விழித்திருப்பவர் தன்னை விட்டுப் போவதாக நினைக்கிறார். இருவரில் யார் எவர் என்று கேட்டவரே சொல்லட்டும். பல நேரம் "ரெண்டுமே நான்தான்" என்று பதில் வரும்.

அவர் மனசுல என்ன இருக்கு, திரும்பி வருவாரான்னு இந்த ரெண்டு கார்டுல தெரியுமா?

தெரியாது. எதிரே இல்லாதவர் மனதைக் கார்டு திறந்து காட்டாது, அவர் வரும் தேதியையும் சொல்லாது. டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டு விளையாட்டாகத் தொடங்கியது. குறி பார்க்கும் வழக்கம் பிரான்சில் பரவியது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். படங்கள் செய்வது, கேட்பவர் தன் நிலையைப் புதிதாகப் பார்க்கவும் சொல்லவும் ஒரு பிடி கொடுப்பது. "திரும்பி வருவாரா" என்பதை "வராவிட்டால் நான் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், வந்தால் எது மறுபடி உரசும்" என்று மாற்றுங்கள். நம் இடது வலது அமைப்புக்கு அது அப்படியே பொருந்தும்.

டெவிலும் எய்ட் ஆஃப் ஸ்வார்ட்ஸும் வந்துச்சு. கேட்கிறவங்க வீட்டுல அடி, மிரட்டல் இருக்குன்னு சொல்றாங்க. எப்படிப் படிக்கிறது?

கார்டைக் கவிழ்த்து வையுங்கள். டெவிலின் சங்கிலி தளர்வு என்று மேலே சொன்னோம். எய்ட் ஆஃப் ஸ்வார்ட்ஸிலும் கண்ணைக் கட்டிய பெண்ணின் முன்பக்கம் வாள் இல்லை, அதனால் "நீங்களே வெளியே வரலாம்" என்பது வழக்கமான வாசிப்பு. அடி வாங்குகிறவரிடம் அதைச் சொல்வது குற்றத்தை அவர் தலையில் வைப்பது. அவர் பயம் கற்பனை இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பும் நேரமே ஆபத்து கூடும் நேரமாக இருக்கலாம்.

கேட்டதை நம்புங்கள். இப்போது பாதுகாப்பாக இருக்கிறாரா, யாரிடம் சொல்ல முடியும் என்று கேளுங்கள். இந்தியாவில் பெண்களுக்கான உதவி எண் 181, இலங்கையில் 1938. அன்றைக்கு ரீடிங் அதோடு முடிந்தது, காசும் வாங்காதீர்கள்.

சொத்துச் சண்டை, அண்ணன் தம்பி, அம்மா பொண்ணு மாதிரி விஷயத்துக்கும் இதே மாதிரி பார்க்கலாமா?

பார்க்கலாம். காதல் அர்த்தத்தை மட்டும் கழற்றிவிடுங்கள். டூ ஆஃப் கப்ஸ் கொடுத்து வாங்கும் இருவர், அவ்வளவே. சொத்து விஷயத்தில் டென் ஆஃப் பென்டகிள்ஸ் இடதில் வந்தால் கட்டி வைப்பது குடும்பச் சொத்து. அந்தப் படத்தில் முன்னால் உட்கார்ந்திருக்கும் முதியவரைப் பாருங்கள்: நாய்கள் அவரிடம் நிற்கின்றன, பின்னால் நிற்கும் தம்பதி அவர் பக்கம் திரும்பவில்லை. வலதில் ஃபைவ் ஆஃப் வாண்ட்ஸ் வந்து பங்காளிகள் கம்பைத் தூக்கி நின்றால், பங்கைப் பற்றிப் பேசும் முன் அந்தப் பெரியவரிடம் யாராவது ஏதாவது கேட்டார்களா என்று விசாரியுங்கள்.

என்கிட்ட இருக்கிறது தோத் டெக். இதெல்லாம் அதுக்கும் பொருந்துமா?

படம் பார்த்துச் சொன்னவை பொருந்தாது, நெருப்பு, நீர் பற்றிச் சொன்னவை நன்றாகவே பொருந்தும். தோத்தில் சிறு கார்டுகளில் ஆட்களின் காட்சி இல்லை, அடியில் ஒரு சொல் இருக்கும்: டூ ஆஃப் கப்ஸுக்குக் காதல், ஃபைவ் ஆஃப் வாண்ட்ஸுக்குச் சச்சரவு, ஃபைவ் ஆஃப் ஸ்வார்ட்ஸுக்குத் தோல்வி. வெய்ட் டெக்கில் நாம் வென்றவனைப் பார்த்துப் படிக்கிறோம், தோத்தோ தோற்றவர் பக்கம் நின்று பெயர் வைக்கிறது. மார்சேய் டெக்கில் சிறு கார்டுகளில் வெறும் கோப்பைகளும் வாள்களும்தான். எண்ணையும் வகையையும் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

அதே ரெண்டு கார்டு, இடம் மட்டும் மாறினா அர்த்தம் நிஜமாவே மாறுமா? நம்பவே முடியலை.

ஃபைவ் ஆஃப் கப்ஸையும் டூ ஆஃப் கப்ஸையும் எடுத்து மேசையில் வையுங்கள். ஃபைவ் ஆஃப் கப்ஸில் கறுப்புப் போர்வை போர்த்தியவர் இடப்பக்கம் பார்த்துத் தலை குனிந்து நிற்கிறார். அவர் பார்ப்பது கொட்டிப்போன மூன்று கோப்பைகளை. முதுகுக்குப் பின்னால், வலப்பக்கம், இரண்டு கோப்பைகள் கொட்டாமல் நிற்கின்றன.

அதை இடதிலும் டூ ஆஃப் கப்ஸை வலதிலும் வைத்தால், கொட்டாத அந்த இரண்டு கோப்பைகளை ஒட்டியே டூ ஆஃப் கப்ஸின் ஓரம் வருகிறது. அன்பு நீட்டும் கை அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது; கட்டி வைத்திருப்பது பழைய துக்கம், உரசுவது இப்போது வந்து நிற்கும் அன்பு. "ஏன் என்னைப் பார்க்கவே மாட்டேங்கிற" என்ற சண்டை இங்கிருந்து வருகிறது. இரண்டும் நீர் என்பதால் துக்கமும் ஏக்கமும் ஒன்றையொன்று ஊதிப் பெருக்கும்.

இப்போது இடம் மாற்றுங்கள். டூ ஆஃப் கப்ஸ் இடதில் வர, போர்வை போர்த்தியவர் அதைப் பார்த்து நிற்கிறார். நடுவில் கொட்டிய மூன்று கோப்பைகள் கிடக்கின்றன. அன்பு இருப்பது அவருக்குத் தெரிகிறது. அங்கே போக அவர் அந்த மூன்றையும் தாண்ட வேண்டும். ஒவ்வொரு கோப்பையிலும் கொட்டிப்போனது என்ன என்று கேட்டவரிடம் கேளுங்கள், மூன்றுக்கும் பெயர் சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள், மூன்றாவதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும். அந்த நேரத்தில் நீங்கள் எதுவும் பேச வேண்டாம்.